நாற்பத்தைந்து கிலோ புவனேஸ்வரி

புவனேஸ்வரியைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நான் அவள் தூக்கத்தில் இருந்துதான் ஆரம்பிப்பேன். இரண்டு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வருகிறாள். அவள் கண் பெரிதா சிறிதா என்று யாராவது கேட்டால் ரொம்ப நாள் எனக்குச் சொல்லத் தெரியாது. தூங்கும்போது வாய் எவ்வளவு திறக்கும் என்று கேட்டால் சொல்வேன்.

நான் குணசுந்தரி. மெதூரில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். லைனில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். நான் அதை மறுத்ததும் இல்லை. முப்பது பேர் வயரை மாற்றி மாற்றிச் சொருகும் இடத்தில் ஒருத்திக்காவது கோபம் வர வேண்டாமா?

பஸ் விடிகாலை ஐந்து மணிக்குப் பழவேற்காட்டில் கிளம்பும். திருப்பாலைவனம் தாண்டி மெதூருக்கு வரும்போது ஐந்து இருபத்தைந்து. நான் ஏறுவேன். பிறகு பொன்னேரி, பிறகு தச்சூர் கூட்டு ரோடு. அதுவரை ரோடு குண்டும் குழியுமாக இருக்கும், பஸ் குலுக்கி எடுத்துவிடும். தச்சூரில் ஹைவேயில் ஏறிவிட்டால் தொட்டிலில் போட்டது போல. அங்கே டிரைவர் துளசிராமன் வண்டியை ஓரம் கட்டி, கடைசி ஆட்களை ஏற்றிக்கொண்டு, டிரிப் ஷீட்டைக் கையில் எடுத்துப் பெயர் வாசிப்பார். பர்மனன்ட் ஆட்களுக்குத்தான் பெயர். "மெதூர் குணசுந்தரி" என்பார். நான் "இருக்கேன்" என்பேன். காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பெயர் கிடையாது. "பழவேற்காடு மூணு" என்பார். யாராவது ஒருவர் பின்னால் இருந்து "மூணும் கீது" என்று குரல் கொடுப்பார்கள்.

அந்த மூன்றில் ஒன்றுதான் புவனேஸ்வரி.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள் கயிறு. கயிற்றில் தொங்கும் அட்டையில் ஒரு நம்பர் மட்டும் இருக்கும். எங்களுக்கு நீலக் கயிறு, போட்டோவும் பெயரும் அச்சடித்த கார்டு. பதினோரு மாதம் முடிந்தால் காண்ட்ராக்ட்காரர்களை ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்து, மறுபடி புது ஆள் மாதிரி சேர்த்து, புது நம்பர் கொடுப்பார்கள். அப்படி நான்கு வருடமாக அவள் புது ஆளாகவே இருந்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த நீலக் கயிறுதான். ஒருநாள் கேன்டீனில் என் கார்டை வாங்கி, என் பெயர் மேல் கட்டை விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். "எழுத்து மேல தூக்கிக்கினு கீதுக்கா" என்றாள். எனக்கு அன்றைக்கு என் கார்டையே புதிதாகப் பார்த்தது போல இருந்தது.

பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள் அவள். பள்ளிக்கூடத்துக்குப் படகில்தான் வர வேண்டும். படகு நகர ஆரம்பித்ததும் தூங்கிவிடுவாளாம். தண்ணீரில் விழுந்துவிடக் கூடாதே என்று அவள் அம்மா அவள் பையின் வாரைப் படகுச் சட்டத்தில் முடிச்சுப் போட்டு அனுப்புவாளாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அப்படித் தூங்கிக்கொண்டே படித்துத் தேறியவள். பல நாள் அந்தப் படகைத் தள்ளியவன் அருண்பாண்டியன். பிறகு அவனையே கல்யாணம் செய்துகொண்டாள். "நான் முழிச்சிக்கினு இருந்தத அவரு பாத்ததே கல்யாணத்தன்னைக்குத்தான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அருண்பாண்டியன் ஏரியில் இறால் பிடிப்பவன். ஏரியில் எல்லோரும் எல்லா நாளும் வலை போட முடியாது. இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை இருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். பாடு உள்ள நாளில் இருட்டிலேயே போய்விடுவான். பாடு இல்லாத நாளில் வலையைத் தைத்துக்கொண்டு வீட்டில் இருப்பான். தன் முறைக்குக் காத்திருப்பது அந்த வீட்டில் ஒன்றும் புதிது இல்லை. ஆனால் ஏரியில் முறை எப்படியும் வந்து சேர்ந்துவிடும். கம்பெனியில் அப்படி இல்லை.

போன வருடம் அவள் பெயர் பர்மனன்ட் லிஸ்டில் வந்தது. மெடிக்கல் பார்த்தார்கள். எங்கள் கம்பெனியில் எடை நாற்பத்தைந்து கிலோ, ரத்தத்தில் ஹீமோகுளோபின் பதினொன்று இருக்க வேண்டும் என்று ஒரு விதி. இவள் எடை நாற்பத்தொன்று, ரத்தம் ஒன்பது. டாக்டர் கார்டில் எதையோ எழுதி, அடுத்த தையில் இன்னொரு தடவை வரச் சொன்னார். அதிலும் தேறாவிட்டால் லிஸ்டில் இருந்து பெயர் போய்விடும். மூன்றாவது தடவை என்று ஒன்று கிடையாது.

விஷயம் இதுதான்: காலையில் அவளுக்கு ஒரு வாய் இறங்காது. நாலரை மணிக்கு இட்லியை வாயில் வைத்தால் குமட்டும். ஒன்பது மணிக்குக் கேன்டீனில் நாஷ்டா போடுவார்கள். அதற்குள் சூடு பட்ட ரப்பர் வாசனை மூக்கில் ஏறி, பசி செத்துப் போயிருக்கும். பொங்கலில் மூன்று ஸ்பூன் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். நான் திட்டுவேன். "பூனைக்கு வச்சாகூட இதவிட அதிகமா துன்னும்டீ." அவள் சிரிப்பாள். அவள் சிரித்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருண்பாண்டியன் பைக்கில் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் நண்டுப் பை. பையை என்னிடம் கொடுத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான்.

"அக்கா, மீன கையில தூக்கனா நான் எடை சொல்லிருவேன். நூறு கிராம்கூட தப்பாது. ஊட்ல கூடவே கீறவ நாலு கிலோ கம்மின்னு டாக்டரு சொல்லித்தான் தெரிய வேண்டி இருக்குது" என்றான்.

  கோபக்காரிக்கு இந்த மாதிரி நேரத்தில் வாய் வேலை செய்யாது. நண்டுப் பையை உள்ளே கொண்டு போய் வைத்துவிட்டு வந்தபோதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. ஒருநாள் பஸ்ஸில் அவள் தூக்கத்திலேயே இருமினாள். தண்ணீர் பாட்டிலை அவள் வாயில் வைத்தேன். கண்ணைத் திறக்காமல் முக்கால் பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தாள்.

"தம்பி, அவளுக்கு மெல்லத்தான் முடியாது. குடிக்க முடியும். தூங்கிக்கினே குடிப்பா" என்றேன்.

 அவன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். வெளிக்கதவைச் சாத்த மறந்துவிட்டான்.

தீபாவளிக்குக் கம்பெனியில் பர்மனன்ட் ஆட்களுக்கு அகல வாய் வைத்த ஸ்டீல் பாட்டில் கொடுத்தார்கள். அரை லிட்டர் பிடிக்கும். நான் அதை அவளிடம் கொடுத்தேன். அந்தப் பாட்டிலுக்குள்தான் அருண்பாண்டியனின் சமையல் ஆரம்பமானது.

முதல் நாள் அவல், வாழைப்பழம், வேர்க்கடலை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு அரைத்திருந்தான். தச்சூரில் மூடியைத் திறந்து கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. பாட்டிலின் பின்னால் தட்டினேன். அப்புறம் மொத்தமாக வந்து அவள் சுடிதாரில் விழுந்தது. மூன்றாம் நாள் மூடியைத் திறந்ததும் பஸ் முழுக்க எழுந்துவிட்டது. சத்து கூடட்டும் என்று, வறுத்த சென்னாகுனியைப் பொடி செய்து வாழைப்பழத்தோடு சேர்த்து அடித்திருக்கிறான். பொடி இறால் வாசனை காலை ஐந்தே முக்காலுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துளசிராமன் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"பழவேற்காடு, இன்னா அது?"

"நாஷ்டாண்ணா" என்றாள் புவனேஸ்வரி, பாதித் தூக்கத்தில்.

அன்று மாலை அவனுக்கு போன் போட்டு நன்றாகக் கொடுத்தேன். மீன் பிடிக்கிறவன் எல்லாவற்றிலும் மீனைப் போடுவாயா, நாளைக்குப் பாயசத்தில் நண்டு போடுவாயா என்று கேட்டேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ எள்ளு போடலாமாக்கா?" என்றான். அவன்மேல் கோபத்தைத் தக்க வைப்பது கஷ்டம்.

கார்த்திகை பாதிக்குள் அவனுக்குக் கை வந்துவிட்டது. சாயங்காலமே கேழ்வரகுக் கூழ் காய்ச்சி ஆற வைத்துவிடுவான். பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துப் பாலில் ஊறப் போடுவான். காலையில் தோல் நீக்கிய வேர்க்கடலையை முதலில் மையாக அரைத்து, அதன் மேல் கூழ், வாழைப்பழம், ஊறிய பேரீச்சை, பால். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முருங்கைக்கீரைப் பொடி ஒரு ஸ்பூன், ரத்தத்துக்கு. கீரை வாசனை தெரியாமல் இருக்க ஏலக்காய். பக்கத்து வீட்டார் எழுந்துவிடக் கூடாது என்று மிக்ஸி மேல் பழைய போர்வையைப் போட்டு அணைத்துப் பிடித்துக்கொண்டு அரைப்பானாம். பாடு உள்ள நாளில் இன்னும் சீக்கிரம் எழுந்து அரைத்து, பாட்டிலை அவள் பையில் வைத்துவிட்டுப் போவான். பதம் என்றால் அப்படி ஒரு பதம். கெட்டியாகவும் இருக்கும், தானாகத் தொண்டையில் இறங்கவும் இறங்கும். குடித்தால் பகல் பன்னிரண்டு வரை வயிறு கேட்காது. ஒரு வாய் குடித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பொன்னேரியில் ஏறும் புது என்ஜினியர் பையன் ஒருநாள் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு ஸ்மூதி" என்றான். அருண்பாண்டியனிடம் சொன்னேன். அப்படி என்றால் என்ன என்று கேட்டான். "கூழுக்குப் பேன்ட்டு போட்டா ஸ்மூதி" என்றேன். அன்றிலிருந்து அவன் அதை ஸ்மூதி என்றுதான் சொல்கிறான், கொஞ்சம் பெருமையாக.

இப்படி ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. பஸ் தச்சூரில் நிற்கும். துளசிராமன் பெயர் வாசிப்பார். "மெதூர் குணசுந்தரி." "இருக்கேன்." "பழவேற்காடு மூணு." "மூணும் கீது." வண்டி ஹைவேயில் ஏறும். நான் அவள் பையில் இருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அவள் இரண்டு கையிலும் பிடித்து வைப்பேன். கண் திறக்காது. கவரைப்பேட்டை மேம்பாலம் வருவதற்குள் பாட்டில் காலி.

குடித்தபின் கனவு வரும் அவளுக்கு. கம்பெனி கேட்டில் இறங்கும்போது சொல்லுவாள். பஸ் ஏரி மேல் போய்க்கொண்டு இருக்கிறதாம், சக்கரம் தண்ணீரில் நனையவே இல்லையாம், துளசிராமன் அண்ணன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கோல் ஊன்றித் தள்ளுகிறாராம். இன்னொரு நாள் எங்கள் மெதூர் வயல் எல்லாம் பால் தேங்கி நிற்கிறதாம், நான் முட்டி வரை புடவையைத் தூக்கிக்கொண்டு அதில் நாற்று நடுகிறேனாம், வாய் மட்டும் திட்டிக்கொண்டே இருக்கிறதாம். எனக்கு ரொம்பப் பிடித்தது பூநாரைக் கனவு. மார்கழி, தையில் ஏரிக்குப் பூநாரைகள் வரும். அவை எங்கள் லைனில் வரிசையாக ஒற்றைக் காலில் நின்று வயர் கட்டுகின்றனவாம், எல்லாவற்றின் கழுத்திலும் நீலக் கயிறாம்.

"நாள் பூரா நிக்கற வேலைக்கு அதுங்கதான்டீ சரி" என்றேன்.

"அதுங்களுக்குக்கூட பேரு போட்டுக் குடுத்துட்டாங்கக்கா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க அது மனசை அறுத்தது.

மார்கழி மூட்டத்தில் ஐந்தே முக்கால் மணி பஸ்ஸை நீங்கள் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் இருக்காது. லாரி விளக்குகள் மட்டும் மிதந்து வந்து, மிதந்து போகும். உள்ளே நாற்பது பேர் தூக்கம். மூச்சுச் சத்தம், ஏலக்காய் வாசனை. வேலைக்குப் போகிறோம் என்பதே மறந்துபோய், எங்கேயோ நல்ல இடத்துக்குத்தான் போகிறோம் என்று தோன்றும். நானே அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் எழுந்து வருகிறேனோ என்று சில நாள் நினைத்தது உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை எங்கள் வீட்டில் எடை போட்டோம். அறுவடைக்கு மூட்டை எடை போடும் எலக்ட்ரானிக் தராசு எங்களிடம் இருக்கிறது. பைக்கில் அவளைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு வரச் சொல்லுவேன். ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டும் என்பது என் கட்டளை.

"ஈரத்தோட எடை போட்டா அது எடையே இல்ல. நெல்லுக்கும் அதான், உனக்கும் அதான். காஞ்ச எடைதான் கணக்கு" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, மூட்டை ஏறும் தட்டில் ஏறி நிற்பாள். நாற்பத்தொன்று ஆறு. நாற்பத்திரண்டு மூன்று. நாற்பத்துமூன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் அருண்பாண்டியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பொங்கல் கழிந்த ஞாயிறு நாற்பத்துநாலரை காட்டியது. மெடிக்கல் வியாழக்கிழமை. நாலு நாளில் அரை கிலோ. அவன் கை விரலை மடக்கி மடக்கிப் பார்த்தான். மீன் என்றால் இன்னொன்றைத் தூக்கித் தட்டில் போட்டிருப்பான்.

புதன்கிழமை கம்பெனி நர்ஸ் மேரி லைனுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். "லிஸ்ட்ல கீற பதினோரு பேரும் நாளைக்கு வெறும் வயித்துல வரணும். ரத்தம் எடுக்கணும். தண்ணியத் தவிர ஒண்ணும் கூடாது." அதை நான் அவளிடம் மூன்று தடவை திருப்பிச் சொன்னேன். அவள் அருண்பாண்டியனிடம் சொன்னாள். வியாழன் அவனுக்குப் பாடு. இருட்டில் போகும் முன், ரத்தம் கொடுத்தபின் குடிக்கட்டும் என்று வழக்கம்போல அரைத்துப் பையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பாட்டில் கழுத்தில் ஒரு வலைக் கயிற்றை வேறு கட்டியிருந்தான், இது பிறகு குடிக்க வேண்டியது என்பதற்கு அடையாளமாக. இவ்வளவும் சரியாகத்தான் இருந்தது.

சரியாக இல்லாதது நான். முந்தின நாள் வேலை முடிந்து போனதும் வயலில் அறுவடை மெஷின் வந்து நின்றது. பொழுது சாயும் வரை அதன் பின்னால் ஓடினேன். காலையில் மெதூரில் ஏறும்போதே கண் எரிந்தது. அன்றைக்கு மூட்டம் வேறு. துளசிராமன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் அவள் தூக்கம். எனக்கு எந்த இடத்தில் கண் மூடியது என்று தெரியவில்லை.

பஸ் ஏரி மேல் போனது. சத்தமே இல்லை. சுற்றிலும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் பூநாரைகள் வரிசையாக நின்றன. துளசிராமன் ஷீட்டை எடுத்து வாசிக்கிறார். "மெதூர் குணசுந்தரி." நான் இருக்கேன் என்கிறேன். "பழவேற்காடு மூணு." ஒரு பறவை கழுத்தை நீட்டி, மூணும் கீது என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

கவரைப்பேட்டை மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி ஒரு குதி குதித்தது. கண் திறந்தேன். என் இடது கையில் வலைக் கயிறு. வலது கையில் பாட்டில் மூடி.

பாட்டில் அவள் மடியில் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். காலி.

என் தலையில் நானே அடித்துக்கொண்ட சத்தத்தில் அவள் எழுந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள். நாக்கால் உதட்டைத் தடவினாள். அதில் ஏலக்காய் இருந்திருக்கும்.

"யக்கா, குடிச்சிட்டேனா?"

"நான்தான்டீ குடுத்தேன். தூக்கத்துல குடுத்துட்டேன்."

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண்ணை அன்றுதான் நான் சரியாகப் பார்த்தேன். பெரிய கண். அதில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பதினோரு வருடம் கோபம் கோபமாக மற்றவர்கள் தப்பைப் பிடித்தவள் நான். என் தப்பை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை.

"சாப்டலன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போவுது" என்றேன்.

"ரத்தம் சொல்லிடும்கா. சக்கர ஏறிக் கிடக்கும். வியாதின்னு எழுதிட்டா இன்னா பண்றது?"

முதலுதவி அறைக்கு அவளோடு நானும் போனேன். லைனில் மணி அடித்துவிட்டது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மேரியிடம் நானே நடந்ததைச் சொன்னேன். மேரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருமே தூங்கனீங்களா?"

"ஆமா சிஸ்டர்."

"பேஜாரு புடிச்சவங்கம்மா நீங்க. லேப் ஆளு நாளைக்கும் வருவாரு. ரத்தம் நாளைக்குக் குடு. டாக்டரு இன்னைக்கு மட்டும்தான். எடை, உயரம், கண்ணு எல்லாம் இன்னைக்கே முடிச்சிடணும். ஏறி நில்லு."

ஏறி நின்றாள். நான் கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு எண் தெரியவில்லை. மேரியின் முதுகுதான் தெரிந்தது. மேரி குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள்.

"நாப்பத்தஞ்சு" என்றாள்.

டாக்டர் தலை தூக்காமல் எழுதிக்கொண்டார். போன வருடத்துத் தாளைப் பார்த்துவிட்டு, "நாலு கிலோ ஏத்தியிருக்கே, பரவால்லயே. என்ன சாப்ட்ட?" என்றார். புவனேஸ்வரி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வாசனை வந்துவிடும் என்று பயந்தாளாம்.

நான் லைனுக்குப் போய் வயரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாற்பத்துநாலரை. பாட்டிலில் அரை லிட்டர். கூட்டினால் நாற்பத்தைந்து. சரியாக நாற்பத்தைந்து. அன்றைக்கு அவள் வெறும் வயிற்றோடு வந்திருந்தால் தட்டில் ஏறி, இறங்கி, லிஸ்டில் இருந்தும் இறங்கியிருப்பாள். நான் அங்கேயே சிரித்தேன். சூப்பர்வைசர் வந்து எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். கோபக்காரி சிரித்தால் அப்படித்தான் கேட்பார்கள்.

அடுத்த நாள் பாட்டில் இல்லாமல் வந்தாள். நானும் தச்சூர் வந்ததும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். ரத்தம் பதினொன்றரை இருந்தது, முருங்கைக்கீரை தயவில். அருண்பாண்டியனுக்கு போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.  "நான் கரைச்ச கூழு போயி எடை மெஷின்ல நின்னுதாக்கா?" என்றான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்ல வந்திருக்க மாட்டேன்.

மாசியில் கார்டு வந்தது. நீலக் கயிறு, போட்டோ, தூக்கி நிற்கும் எழுத்தில் பெயர். துளசிராமனின் ஷீட்டும் மாறிவிட்டது. தச்சூரில், "பழவேற்காடு புவனேஸ்வரி" என்று வாசித்தார். பதில் இல்லை. தூங்குகிறாள் என்று நினைத்து நான் "கீறா" என்றேன். திரும்பிப் பார்த்தால் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். கார்டு கழுத்தில் திரும்பிக் கிடந்தது. எழுத்து நெஞ்சுப் பக்கம், வெற்று முதுகு வெளிப்பக்கம். நான் திருப்பி விட்டேன். அவள் மறுபடி கவிழ்த்தாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

"இன்னாடீ இது? நாலு வருஷமா இதுக்குத்தான ஏங்கிக்கினு இருந்த?"

"நீதான சொன்னக்கா. ஈரத்தோட எடை போட்டா அது எடையே இல்லன்னு."

கார்டைத் திருப்பப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

"அந்த அரை கிலோ என்னுது இல்லக்கா. நடுவுல ஒரு வாரம் ஜுரம் வந்து இன்னும் கொஞ்சம் எறங்கிட்டேன். அண்ணன் பேரு சொல்லிக் கூப்புடறப்போ, யாரோ இன்னொருத்தியக் கூப்புடற மாதிரி கீது."

அந்த டாக்டருக்கே தெரியாத அரை கிலோ. அதற்காகக் கொஞ்சம் திட்டினேன். ஆனால் பலமாகத் திட்ட முடியவில்லை. என் வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள்மேல் எனக்கு அன்று வந்தது கோபம் இல்லை, மரியாதை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள் மேல்.

பிறகும் ஞாயிறு தோறும் வந்தாள். மெடிக்கல் முடிந்து போச்சு, யாரும் கேட்கப் போவதில்லை என்று அருண்பாண்டியனும் சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை. நாற்பத்துநாலு. நாற்பத்துநாலு மூன்று. நாற்பத்துநாலு ஏழு. எங்கள் நெல் எல்லாம் விற்றுப் போய், தராசுக்கு வேறு வேலை இல்லை. இவளுக்காகவே அதை மூடாமல் வைத்திருந்தேன்.

பங்குனி இரண்டாவது ஞாயிறு, பொழுது விடியும்போதே இருவரும் வந்தார்கள். பாட்டில் அருண்பாண்டியன் கையில் இருந்தது. அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். தட்டில் ஏறி நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். எண் மேலும் கீழும் ஓடி, நின்றது.

"நாப்பத்தஞ்சு ஒண்ணு" என்றேன். "காஞ்ச எடை."

அவள் இறங்கவில்லை. நான் இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் இறங்கினாள். அருண்பாண்டியன் மூடியைத் திறந்து கொடுத்தான். எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து, வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் குடித்தாள். கண்ணைத் திறந்துகொண்டு அவள் அதைக் குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நல்லா இருக்குதே. தெனமும் இதையா குடிச்சேன்?" என்று அவனைக் கேட்டாள்.

திங்கட்கிழமை மெதூரில் ஏறினேன். தூங்கிக்கொண்டு இருந்தாள், வாய் திறந்து. கார்டு நெஞ்சில் கிடந்தது, எழுத்து வெளிப்பக்கம். பொன்னேரி போனது. தச்சூரில் வண்டி நின்றது. துளசிராமன் ஷீட்டை எடுத்தார்.

"மெதூர் குணசுந்தரி."

"இருக்கேன்."

"பழவேற்காடு புவனேஸ்வரி."

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் பக்கத்தில் இருந்து குரல் வந்தது. கண் திறக்கவில்லை. தூக்கத்தின் அடியில் இருந்து, ஆனால் டிரைவர் சீட் வரை கேட்கும்படி.

"இருக்கேண்ணா."

வண்டி ஹைவேயில் ஏறியது. நான் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தேன்.